நேர்காணல் அழைப்பைப் பெற்றுத் தரும் தன்விவரக் குறிப்பு: எழுதத் தொடங்குவது முதல் அனுப்புவது வரை

பல இடங்களுக்கு விண்ணப்பித்துவிட்டு ஓர் அழைப்பும் வராமல் காத்திருப்பவர்கள், சில வாரங்களிலேயே தங்கள் தகுதியின் மீது ஐயம் கொள்ளத் தொடங்கிவிடுகிறார்கள். அவர்களுடைய தன்விவரக் குறிப்பை வாங்கிப் படித்தால், தகுதி இருப்பதும், அது தாளில் தெரியாமல் புதைந்து கிடப்பதும் புலப்படும். நண்பர்களுக்கும், முதல் வேலை தேடும் இளைஞர்களுக்கும் பல ஆண்டுகளாக இக்குறிப்புகளைத் திருத்திக் கொடுத்து வருகிறேன். அந்தப் பழக்கத்தில் உறுதிப்பட்ட ஒன்று உண்டு: நேர்காணலுக்கு அழைப்பதா வேண்டாமா என்று முடிவு செய்பவருக்கு என்ன தெரிய வேண்டுமோ, அதைத் தேட வைக்காமல் கண்ணெதிரே வைக்கும் குறிப்புக்கே அழைப்பு வருகிறது. இந்த வழிகாட்டியின் ஒவ்வொரு படியும் அந்த நோக்கத்திற்காகவே எழுதப்பட்டது.

படிப்பவர் எப்படிப் படிக்கிறார்

ஆட்சேர்ப்பாளர் ஒரு குறிப்பை முதல் முறை பார்க்கும்போது வரிவரியாகப் படிப்பதில்லை. வேலைவாய்ப்புத் தளமான லேடர்ஸ், ஆட்சேர்ப்பாளர்களின் கண்ணசைவைப் பதிவு செய்து 2012இல் வெளியிட்ட ஆய்வில், முதல் பார்வை ஏறத்தாழ 6 விநாடிகளில் முடிந்ததாகச் சொன்னது. 2018இல் மீண்டும் செய்தபோது சராசரி 7.4 விநாடிகள். இந்த எண்ணைக் கண்டு அஞ்சத் தேவையில்லை. அந்தச் சில விநாடிகளில் நடப்பது முழுமையான மதிப்பீடு அன்று. "இதை நிதானமாகப் படிக்கலாமா" என்ற ஒரு கேள்விக்கான விடை மட்டுமே அப்போது தீர்மானமாகிறது. கண் பெரும்பாலும் பக்கத்தின் இடது ஓரமாகக் கீழிறங்கி, பதவிப் பெயர், நிறுவனம், பணிபுரிந்த காலம், கல்வி ஆகியவற்றில் நின்று நகர்கிறது. எனவே இவை எங்கே இருக்கின்றன என்று தேட வேண்டிய நிலையில் ஒரு குறிப்பு இருந்தால், உள்ளே எவ்வளவு நல்ல செய்தி இருந்தாலும் அது இரண்டாம் பார்வையை எட்டாது.

படி 1: மூல ஆவணம் ஒன்றைத் தயார் செய்யுங்கள்

குறிப்பை எழுத உட்காரும் நாளன்று நினைவிலிருந்து எழுதுபவர்கள், அண்மையில் செய்ததை மட்டும் எழுதிவிட்டு நல்லவற்றை விட்டுவிடுகிறார்கள். ஆகவே, யாருக்கும் அனுப்பப்போவதில்லை என்ற எண்ணத்துடன், நீளத்தைப் பற்றிக் கவலைப்படாமல், நீங்கள் பார்த்த ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பகுதி ஒதுக்கி, சேர்ந்த மாதம், விலகிய மாதம், யாரிடம் பணிபுரிந்தீர்கள், எத்தனை பேர் கொண்ட குழு, எந்தக் கருவிகளைப் பயன்படுத்தினீர்கள், எந்தச் சிக்கல் உங்களிடம் வந்தது, நீங்கள் விலகியபோது எது முன்பைவிட மேம்பட்டிருந்தது என்று எழுதிக்கொண்டே போங்கள். பழைய மின்னஞ்சல்கள், ஆண்டு மதிப்பீட்டுப் படிவங்கள், பாராட்டுக் கடிதங்கள் ஆகியவற்றைப் புரட்டினால் மறந்துபோன பல எண்கள் கிடைக்கும். ஆறேழு பக்கம் ஆனாலும் பரவாயில்லை. இனி அனுப்பும் ஒவ்வொரு குறிப்பும் இந்தக் களஞ்சியத்திலிருந்து எடுத்துக் கோக்கப்படும்.

படி 2: விளம்பரத்தைப் பாடம்போலப் படியுங்கள்

1482 வாக்கில், முப்பது வயதை ஒட்டியிருந்த லியோனார்டோ டா வின்சி, மிலானில் ஆட்சி செலுத்திக்கொண்டிருந்த லுடோவிகோ ஸ்ஃபோர்சாவிடம் வேலை கேட்டு ஒரு கடிதம் வரைந்தார். எளிதில் தூக்கிச் செல்லக்கூடிய பாலங்கள், முற்றுகையின்போது அகழி நீரை வற்றவைக்கும் முறைகள், பீரங்கிகள், மூடப்பட்ட போர் வண்டிகள் என்று தம்மால் செய்யக்கூடியவற்றை அதில் வரிசைப்படுத்தியிருந்தார். சிற்பமும் ஓவியமும் கடிதத்தின் கடைசிப் பகுதியில்தான் வருகின்றன. தம்முடைய ஓவியத் திறனை அவர் குறைத்து மதிப்பிட்டிருக்க முடியாது. படிக்கப்போகிறவர் போர்களுக்கு இடையே நாட்டைக் காக்க வேண்டியவர் என்பதை உணர்ந்து வரிசையை மாற்றினார். சொன்னதில் எதையாவது நம்ப முடியவில்லை என்றால் செய்துகாட்டவும் ஆயத்தம் என்று முடித்தார். தன்விவரக் குறிப்பு எழுதும் எவரும் இந்தக் கடிதத்திடம் கற்றுக்கொள்ள வேண்டியது இந்த வரிசையைத்தான்.

செய்முறை இதுதான். நீங்கள் விரும்பும் வேலைக்கான விளம்பரங்கள் மூன்றை அச்செடுத்து, திரும்பத் திரும்ப வரும் திறன்களை அடிக்கோடிடுங்கள். மூன்றிலும் வருவது அந்த வேலையின் அடிப்படைத் தேவை. ஒன்றில் மட்டும் வருவது அந்த நிறுவனத்தின் தனித் தேவை. பிறகு ஒரு தாளை இரண்டாகப் பிரித்து, இடப்பக்கம் அவர்கள் கேட்பதையும், வலப்பக்கம் அதற்கு உங்கள் மூல ஆவணத்தில் உள்ள சான்றையும் எழுதுங்கள். வலப்பக்கத்தில் பாதிக்கு மேல் நிரம்பினால் துணிந்து விண்ணப்பிக்கலாம். கேட்ட தகுதிகள் அனைத்தும் உடையவர்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்று எண்ணித் தயங்கி நல்ல வாய்ப்புகளை இழந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் சட்டப்படி கட்டாயமான உரிமமோ பதிவோ கேட்கப்பட்டிருந்து அது உங்களிடம் இல்லையென்றால், அந்த விண்ணப்பத்திற்குச் செலவிடும் நேரம் வீண்.

விளம்பரத்தில் உள்ள சொல்லையே நீங்களும் கையாள்வது முக்கியம். அவர்கள் "கொள்முதல்" என்று எழுதியிருக்க, நீங்கள் "பொருள் வாங்குதல்" என்று எழுதினால், மனிதருக்குப் புரியும். அந்தச் சொல்லை இட்டுத் தேடும் மென்பொருளுக்கு அகப்படாமல் போகலாம்.

படி 3: பக்கத்தின் மேற்பகுதி

பெயர், தொலைபேசி எண், மின்னஞ்சல், வசிக்கும் ஊர், லிங்க்டுஇன் முகவரி இருந்தால் அது, இவ்வளவு போதும். மின்னஞ்சல் முகவரி உங்கள் பெயரைக் கொண்டதாக இருக்கட்டும். கல்லூரி நாட்களில் விளையாட்டாகத் தொடங்கிய முகவரிக்கு இங்கே இடமில்லை.

அதற்குக் கீழே, பலர் "என் திறமைகளை வளர்த்துக்கொள்ள ஏற்ற சவாலான பணிச்சூழலை நாடுகிறேன்" என்று ஒரு குறிக்கோள் வாக்கியம் எழுதுகிறார்கள். அது உங்களுக்கு என்ன வேண்டும் என்பதைச் சொல்கிறது. படிப்பவருக்கு என்ன கிடைக்கும் என்பதைச் சொல்வதில்லை. அதை நீக்கிவிட்டு மூன்று வரிச் சுருக்கம் எழுதுங்கள். முதல் வரியில் நீங்கள் யார், எத்தனை ஆண்டு அனுபவம். இரண்டாம் வரியில் விளம்பரம் முதன்மையாகக் கேட்கும் இரண்டு திறன்கள். மூன்றாம் வரியில் அவற்றை நிறுவும் ஒரு சாதனை. எடுத்துக்காட்டாக: "கிடங்கு மேலாண்மையில் 6 ஆண்டு அனுபவம் உள்ள மேற்பார்வையாளர். சரக்கிருப்புக் கட்டுப்பாட்டிலும் பணிமுறைத் திட்டமிடலிலும் தேர்ச்சி. தற்போதைய பணியில், இருப்புக் கணக்குக்கும் உண்மையான இருப்புக்கும் இடையிலான வேறுபாட்டை ஓராண்டில் 4 விழுக்காட்டிலிருந்து 1 விழுக்காட்டுக்குக் கொண்டுவந்தேன்." இதில் கடின உழைப்பாளி, நேர்மையானவர், குழுவுடன் இணைந்து செயல்படுபவர் போன்ற அடைமொழிகள் இல்லை என்பதைக் கவனியுங்கள். எல்லோரும் தங்களைப் பற்றிச் சொல்லிக்கொள்ளக்கூடிய சொற்கள் ஒருவரை மற்றவரிடமிருந்து பிரித்துக் காட்டமாட்டா.

படி 4: பணி அனுபவம்

குறிப்பின் உயிர்நிலை இந்தப் பகுதி. உங்கள் நேரத்தில் பாதியை இதற்கே கொடுங்கள். அண்மைய வேலையிலிருந்து தொடங்கிப் பின்னோக்கிச் செல்லுங்கள். ஒவ்வொரு வேலைக்கும் பதவி, நிறுவனம், மாதமும் ஆண்டும் கொண்ட காலம் ஆகியவற்றை ஒரே ஒழுங்கில் வையுங்கள். பிறகு, அண்மைய வேலைக்கு ஐந்தாறு வரிகள், அதற்கு முந்தையதற்கு மூன்று நான்கு, பத்தாண்டுக்கு மேல் பழையதற்கு ஒரு வரி என்று குறைத்துக்கொண்டே வாருங்கள்.

பெரும்பாலான குறிப்புகள் இங்கேதான் சறுக்குகின்றன. பணி நியமன ஆணையில் இருந்த பொறுப்புப் பட்டியலை அப்படியே எடுத்து ஒட்டிவிடுகிறார்கள். "மாதாந்திரக் கணக்குகளைத் தயாரிக்கும் பொறுப்பு" என்ற வரி, அந்தப் பொறுப்பைச் சிறப்பாகச் செய்தவருக்கும் அரைகுறையாகச் செய்தவருக்கும் ஒன்றுபோலவே பொருந்தும். ஆட்சேர்ப்பாளர் அறிய விரும்புவது, அந்த நாற்காலியில் நீங்கள் அமர்ந்ததால் என்ன நிகழ்ந்தது என்பதை. அதே வரியை இப்படி எழுதிப் பாருங்கள்: "மாதக் கணக்கு முடிப்பை 9 நாட்களிலிருந்து 4 நாட்களாகக் குறைத்தேன், மூன்று கிளைகளும் தனித்தனியே அனுப்பிய படிவங்களை ஒரே வார்ப்புருவுக்குள் கொண்டுவந்ததே இதற்குக் காரணம்." முதல் பாதியில் விளைவு, இரண்டாம் பாதியில் அதை எட்டிய வழி. விளைவு மட்டும் இருந்தால் அது வெறும் தற்பெருமையாகத் தோன்றும். வழியும் சேரும்போது நம்பகம் பிறக்கிறது. நேர்காணலில் அவர்கள் கேட்கப்போகும் முதல் கேள்விக்கும் நீங்களே விதை போட்டுவிடுகிறீர்கள்.

இங்கே மொழியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் எழுதுபவர் "குறைத்தேன்", "உருவாக்கினேன்" போன்ற வினைச்சொல்லை வரியின் தொடக்கத்திலேயே வைத்துவிடலாம். அங்கு அதுவே வழக்கம். தமிழில் வினை இறுதியில் நிற்பதால், இடது ஓரமாக இறங்கும் கண்ணுக்கு அது எட்டாது. ஆகவே தமிழில் குறிப்பு எழுதும்போது, எது மாறியது என்பதையும் எண்ணையும் வரியின் முன்பாதிக்குக் கொண்டுவருவது நல்லது. எந்த மொழியானாலும் "செய்யப்பட்டது", "மேற்கொள்ளப்பட்டது" என்ற செயப்பாட்டு வினைகளை ஒழித்துவிடுங்கள். செய்தவர் யார் என்பதைக் காட்டத்தானே இந்த ஆவணமே எழுதப்படுகிறது.

"என் வேலையில் எண்கள் ஏதும் இல்லையே" என்று பலர் சொல்வார்கள். பெரும்பாலும் எண்கள் இருக்கும். கேள்வி கேட்டால் வெளிவரும். ஒரு நாளில் எத்தனை பேருக்குப் பதில் சொன்னீர்கள்? எத்தனை பேருக்குப் பயிற்சி அளித்தீர்கள்? எவ்வளவு மதிப்புள்ள பொருள்கள் உங்கள் பொறுப்பில் இருந்தன? நீங்கள் வருவதற்கு முன்பு ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் ஆனது, பிறகு எவ்வளவு ஆனது? எத்தனை மாதங்கள் தொடர்ந்து தவணை தவறாமல் முடித்தீர்கள்? ஒரு செவிலியர் "நோயாளிகளைக் கவனித்தேன்" என்று எழுதுவதைவிட "30 படுக்கைகள் கொண்ட அறுவை சிகிச்சைப் பிரிவில் இரவுப் பணியின் பொறுப்புச் செவிலியராக, புதிதாகச் சேர்ந்த 5 பேருக்கு வழிகாட்டினேன்" என்று எழுதினால், பணியின் அளவும் அவர் மீது வைக்கப்பட்ட நம்பிக்கையும் ஒருங்கே தெரிகின்றன. இதில் முன்னேற்ற விழுக்காடு எதுவும் இல்லை. அளவைச் சொன்னதே போதுமாகிறது.

எண் உண்மையாக இருக்க வேண்டும். துல்லியமாகத் தெரியாவிட்டால் "ஏறத்தாழ" என்று சேர்த்து, எப்படிக் கணக்கிட்டீர்கள் என்பதை நேர்காணலில் விளக்க ஆயத்தமாக இருங்கள். நிறுவனத்தின் வருவாய் போன்ற மறைக்க வேண்டிய தகவல்களைத் தொகையாகச் சொல்லாமல் விழுக்காடாகச் சொல்லுங்கள். குழுவாகச் செய்ததைத் தனியாகச் செய்ததாக எழுதாதீர்கள். "நால்வர் குழுவில் சோதனைப் பகுதியை நான் ஏற்றேன்" என்பது முழுத் திட்டத்தையும் உரிமை கொண்டாடுவதைவிட மதிப்பு வாய்ந்தது. முன்னாள் மேலாளரிடம் ஒரு தொலைபேசி அழைப்பில் உண்மை தெரிந்துவிடும் உலகம் இது.

படி 5: திறன்களும் கல்வியும்

திறன் பட்டியலில் பத்துப் பன்னிரண்டுக்கு மேல் வேண்டாம். மென்பொருள், கருவி, மொழி, சான்றிதழ் போன்று சோதித்துப் பார்க்கக்கூடியவற்றை மட்டும் எழுதுங்கள். ஐந்து நட்சத்திரங்களில் நான்கு, நூற்றுக்கு எண்பது என்று படமாகக் காட்டும் பட்டைகளைத் தவிருங்கள். எதனோடு ஒப்பிட்டு எண்பது என்று யாருக்கும் தெரியாது. பட்டியலில் உள்ள முதன்மையான ஒவ்வொரு திறனும் பணி அனுபவப் பகுதியில் ஒரு வரியிலாவது பயன்பட்டிருப்பது தெரிய வேண்டும்.

கல்வியைப் பொறுத்தவரை, அனுபவம் உள்ளவர்களுக்குப் பட்டம், நிறுவனம், ஆண்டு என்று ஒரு வரி போதும். படிப்பை அண்மையில் முடித்தவர்கள் கல்வியை மேலே வைத்து, இறுதியாண்டுத் திட்டப்பணி, உள்ளகப் பயிற்சி, பகுதிநேர வேலை, தன்னார்வத் தொண்டு ஆகியவற்றைப் பணி அனுபவத்தைப் போலவே விளைவும் வழியுமாக எழுதுங்கள். திட்டப்பணியின் தலைப்பை மட்டும் எழுதி விட்டுவிடுவது மாணவர்கள் செய்யும் பெரிய இழப்பு. என்ன சிக்கலை எடுத்துக்கொண்டீர்கள், உங்கள் பங்கு என்ன, முடிவில் எது இயங்கியது என்பதே அங்கே பேசும்.

படி 6: இடைவெளிகளும் துறை மாற்றமும்

குழந்தை வளர்ப்பு, பெற்றோரின் உடல்நலம், மேற்படிப்பு, ஆட்குறைப்பு என்று வேலையில் இடைவெளி விழாத வாழ்க்கை அரிது. அதை மறைப்பதற்காக மாதங்களை நீக்கிவிட்டு ஆண்டுகளை மட்டும் எழுதுவோர் உண்டு. அனுபவமுள்ள ஆட்சேர்ப்பாளர் அதை உடனே கவனிப்பார், ஐயமும் கொள்வார். ஆறு மாதத்திற்கு மேற்பட்ட இடைவெளி என்றால், "குடும்பப் பொறுப்பு காரணமாகப் பணி இடைவேளை, இந்தக் காலத்தில் தரவுப் பகுப்பாய்வுச் சான்றிதழ்ப் படிப்பை முடித்தேன்" என்பதுபோல ஒரே வரியில் நேராகச் சொல்லுங்கள். நோயின் விவரங்களோ குடும்பச் சூழலின் விளக்கமோ தேவையில்லை. அவை உங்களுக்கு உரியவை. குறுகிய கால ஒப்பந்த வேலைகள் பல இருந்தால், அவற்றை ஒரே தலைப்பின் கீழ் "ஒப்பந்தப் பணிகள்" என்று தொகுத்தால், அடிக்கடி வேலை மாறியவர் என்ற தோற்றம் எழாது.

துறை மாறுபவர்கள் தங்கள் பழைய அனுபவத்தைப் புதிய துறையின் சொற்களில் எழுதக் கற்றுக்கொள்ள வேண்டும். பத்து ஆண்டு ஆசிரியராக இருந்தவர் பயிற்சி வடிவமைப்பு வேலைக்கு விண்ணப்பித்தால், "எட்டாம் வகுப்புக்கு அறிவியல் கற்பித்தேன்" என்பதோடு நிறுத்தாமல், பாடத்திட்டம் வகுத்தது, மதிப்பீட்டுக் கருவிகள் உருவாக்கியது, 40 பேருக்கு ஏற்ப ஒரே பொருளைப் பல நிலைகளில் விளக்கியது ஆகியவற்றை முன்னிறுத்த வேண்டும். நடந்தது ஒன்றே, எந்தப் பக்கத்தைத் திருப்பிக் காட்டுகிறோம் என்பதே வேறு.

படி 7: மென்பொருளும் படிக்கும்படி வடிவமைத்தல்

பெரிய நிறுவனங்களில் விண்ணப்பங்கள் ஏ.டி.எஸ். எனப்படும் விண்ணப்பக் கண்காணிப்பு மென்பொருளுக்குள் சென்று சேர்கின்றன. அது உங்கள் குறிப்பிலிருந்து பெயர், பதவி, காலம், திறன் ஆகியவற்றைப் பிரித்தெடுத்துச் சேமிக்கிறது. ஆட்சேர்ப்பாளர் பிறகு சொற்களை இட்டுத் தேடுகிறார். தானாக நிராகரிப்பு நிகழ்வது பெரும்பாலும் விண்ணப்பப் படிவத்தில் வரும் ஆம்-இல்லை வினாக்களால். அவற்றை அவசரமாக நிரப்பிவிடாதீர்கள்.

பிரித்தெடுப்பது தடுமாறும் இடங்கள் தெரிந்தவையே: பக்கத்தை நெடுக்காக இரண்டு பத்திகளாகப் பிரித்த அமைப்பு, அட்டவணைக்குள் எழுதிய உரை, படமாகச் செருகிய எழுத்து, பக்கத்தின் தலைப்பகுதியிலும் அடிப்பகுதியிலும் வைத்த தொடர்பு விவரம். பக்கத்தை நெடுக்காகப் பிரிக்காமல், "பணி அனுபவம்", "கல்வி", "திறன்கள்" என்ற வழக்கமான தலைப்புகளுடன், 10 முதல் 12 புள்ளி அளவுள்ள தெளிவான எழுத்துருவில் எழுதுங்கள். தமிழில் எழுதுபவர்கள் கட்டாயம் யூனிகோடு எழுத்துருவையே பயன்படுத்த வேண்டும். பாமினி போன்ற பழைய குறியாக்கத்தில் எழுதியது உங்கள் கணினியில் தமிழாகத் தெரிந்தாலும், தேடும் மென்பொருளுக்கு அது பொருளற்ற ஆங்கில எழுத்துகளின் குவியல்.

சோதிக்க எளிய வழி இருக்கிறது. பிடிஎஃப் கோப்பைத் திறந்து, அனைத்தையும் தேர்ந்தெடுத்து நகலெடுத்து, நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். வரிசை குலையாமல், எழுத்துகள் சிதையாமல் வந்தால் மென்பொருளும் ஏறத்தாழ அப்படியே படிக்கும். முக்கியச் சொற்களை வெள்ளை நிறத்தில் மறைத்து எழுதும் தந்திரம் இந்தச் சோதனையிலேயே பளிச்சென்று வெளிப்பட்டுவிடும். ஆட்சேர்ப்பாளரின் திரையிலும் அப்படியே வெளிப்படும்.

நீளத்தைப் பொறுத்து, பத்தாண்டுக்குக் குறைந்த அனுபவத்திற்கு ஒரு பக்கம், அதற்கு மேல் இரண்டு பக்கம் என்று வைத்துக்கொள்ளலாம். ஆய்வு, கல்விப்புலம் சார்ந்த பணிகளுக்கான குறிப்பு வேறு. வெளியீடுகளின் பட்டியலால் அது நீள்வது இயல்பு.

படி 8: நீக்குதல், பிழை பார்த்தல்

பெற்றோர் பெயர், சமயம், திருமண நிலை, எதிர்பார்க்கும் சம்பளம், முழு வீட்டு முகவரி ஆகியவற்றைக் கேட்டாலொழிய எழுத வேண்டாம். ஒளிப்படத்தில் நாட்டுக்கு நாடு வழக்கம் மாறுகிறது. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் சேர்ப்பதில்லை, ஜெர்மனியில் இன்றும் பலர் சேர்க்கிறார்கள். "மேற்கண்ட அனைத்தும் உண்மை என உறுதியளிக்கிறேன்" என்ற வாக்கியமும், பொழுதுபோக்குப் பட்டியலும் இடத்தை அடைப்பவை. அந்த மூன்று வரியில் ஒரு சாதனையை எழுதலாம்.

எழுதி முடித்ததும் ஒரு நாள் ஆறப்போட்டுவிட்டு, அச்செடுத்து, வாய்விட்டுப் படியுங்கள். கண் தாண்டிச் செல்லும் பிழையில் நாக்கு இடறும். தொலைபேசி எண்ணை நீங்களே ஒரு முறை அழைத்துப் பாருங்கள். பிறகு உங்கள் துறையைச் சேராத ஒருவரிடம் கொடுத்து, பத்து விநாடி மட்டும் பார்க்கச் சொல்லிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொண்டு, "நான் என்ன வேலை செய்பவன், எதில் வல்லவன்" என்று கேளுங்கள். அவர் சொல்லும் விடை நீங்கள் எண்ணியதிலிருந்து மாறுபட்டால், திருத்த வேண்டியது மேற்பகுதியை.

படி 9: அனுப்புதலும் கணக்கு வைத்தலும்

விளம்பரம் குறிப்பிட்ட வடிவத்திலேயே கோப்பை அனுப்புங்கள். எதுவும் குறிப்பிடப்படவில்லை என்றால் பிடிஎஃப் பாதுகாப்பானது. கோப்பின் பெயரில் உங்கள் பெயரும் பதவியும் இருக்கட்டும். "புதியது இறுதி 3" என்ற பெயருடன் வரும் கோப்பு ஆட்சேர்ப்பாளரின் கணினியில் காணாமல் போகும். மின்னஞ்சலின் உடற்பகுதியில் நான்கைந்து வாக்கியங்கள் எழுதுங்கள்: எந்தப் பணிக்கு விண்ணப்பிக்கிறீர்கள், ஏன் அந்த நிறுவனம், உங்கள் அனுபவத்தில் அவர்களுடைய தேவைக்கு மிக நெருக்கமான ஒன்று எது.

ஓர் அட்டவணையில், அனுப்பிய நாள், பணி, குறிப்பின் எந்தப் பதிப்பு, என்ன பதில் என்று பதிந்து வாருங்கள். பொருத்தமான இருபது இடங்களுக்கு அனுப்பியும் ஓர் அழைப்பும் இல்லையென்றால், மேற்பகுதியையும் பணி அனுபவத்தின் முதல் மூன்று வரிகளையும் மாற்றி, அடுத்த பத்துக்கு அனுப்பிப் பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது பலன் தந்தது என்று தெரியாது. அழைப்புகள் வந்தும் வேலை கிடைக்கவில்லை என்றால், குறிப்பு தன் பணியைச் செய்துவிட்டது. அதைத் திருத்திக்கொண்டிராமல் நேர்காணல் பயிற்சிக்கு நேரத்தைத் திருப்புங்கள்.

அந்த அட்டவணையோடு விளம்பரத்தின் முழு நகலையும் சேமித்து வையுங்கள். அழைப்பு வருவதற்குள் விளம்பரம் இணையத்திலிருந்து நீக்கப்பட்டிருக்கலாம். அவர்கள் கேட்டது என்ன, நீங்கள் அதற்கு எந்த வரியில் விடை எழுதினீர்கள் என்பதை நேர்காணலுக்கு முந்திய இரவில் எதிரெதிரே வைத்துப் படிக்க அந்த நகல்தான் உதவும்.